மறு காலுக்குப் பாதிதான்

"ரெண்டு காலையும் ஒரே தடவையில செஞ்சுபோடுங்க, டாக்டரம்மா. மறுக்கா லீவு கேட்டா மில்லுல வர வேண்டாம்னு சொல்லிப்போடுவாங்க."

ஆபரேஷன் மேஜையில் படுத்தபடியே சாமியாத்தாள் கெஞ்சினாள். அன்னூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் நின்று நின்றே கால் நரம்புகள் புடைத்துச் சுருண்டு போயிருந்தன. காப்பீட்டு அட்டையில்தான் வைத்தியம்.

"மொதல்ல இடது கால் ஆகட்டுங்க. அப்புறம் பாக்கலாம்" என்றாள் டாக்டர் சைத்ரா.

முதுகில் ஊசி. இடுப்புக்குக் கீழே உடம்பே இல்லாதது போலிருந்தது. தூக்கத்துக்கும் ஏதோ கொடுத்தார்கள். மேலே இருந்த விளக்கு நிலாவானது. நிலா பஞ்சாகிப் பறந்தது. பஞ்சுக்கு நடுவே அவள் மிதந்துகொண்டிருந்தாள். கால் வலிக்காமல் நடப்பதும் இப்படித்தான் இருக்குமோ?

எங்கோ தூரத்தில் மயக்க மருந்து டாக்டர் உதய்யின் குரல்.

"இடது கால் முடிஞ்சுதுங்க மேடம். மத்ததையும் இப்பவே பண்ணினா காப்பீட்டுல அதுக்குப் பாதிதான் தருவாங்க. ரெண்டு மாசம் கழிச்சுத் தனியாப் பண்ணினா நமக்கு முழுசா வரும்."

டாக்டரம்மா சொன்ன பதில் காதில் விழவில்லை. அதையும் பஞ்சு மூடிக்கொண்டது.

விழித்தபோது வார்டில் இருந்தாள். அப்போதுதான் உள்ளே விட்டார்கள் போல, மகள் நித்யஸ்ரீ ஓடி வந்தாள்.

"ஒரு கால்தான் ஆச்சு, கண்ணு. பாதிக் காசுன்னதும் மத்ததை உட்டுப்போட்டாங்க."

"யாரும்மா சொன்னா?"

"என்ற காதுல கேட்டேன். அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. அரைக்கூலிக்கு ஷிப்டு பாருன்னா நானே போகமாட்டேன்."

"அட்டைக்காரங்கன்னா அத்தனை எளக்காரமா? நீ சும்மா இரும்மா!"

சுவரில் ஒட்டியிருந்த புகார் எண்ணுக்கு நித்யஸ்ரீ போன் போட்டாள். ஸ்பீக்கரில் ஏதோ இசை ஓடிக்கொண்டே இருந்தது. மில்லில் இனி யாரிடம் போய் நிற்பது என்று யோசித்த சாமியாத்தாளுக்குக் கண் மறுபடி செருகியது.

"ஏனுங்கம்மா, தூங்கிப்போட்டீங்களா?" நர்ஸ் சாஜிதா பேகம் உலுக்கினாள். "கால் வெரலைக் கொஞ்சம் அசைங்க. மரத்தது தெளிஞ்சுதான்னு பாக்கோணும்."

போர்வையை விலக்கினாள்.

இரண்டு கால்களிலும் தொடை வரைக்கும் வெள்ளைக் கட்டு.

போனில் இசை நின்றது. பணிவான குரல் ஒன்று கேட்டது:

"வணக்கங்க. உங்க புகார் என்னன்னு சொல்லுங்க."