பதினொன்றாம் தேதி, ஒரு இருக்கை

கணினித் திரை பெயர் கேட்டது. தன் பெயரை அடித்தாள்.

வயது ஐம்பத்தெட்டு. ஆதார் எண். கிழக்கு வாசல். காலை சஃபாரி. ஆறு பேர் ஏறும் ஜீப்பில் ஒரு இருக்கை.

தேதி கேட்டபோது மட்டும் விரல் கொஞ்சம் நின்றது. தயக்கமெல்லாம் ஒன்றும் கிடையாது. ருசித்தாள்.

பதினொன்று.

கணினிக்கு மேலே சுவரில் ஆஸ்பத்திரிச் சீட்டு ஒட்டியிருந்தது. அதிலும் பதினொன்றுதான். அவள் கணவர் சந்தானத்துக்கு அன்று காலை முழங்கால் அறுவை சிகிச்சை.

இந்தப் பதிவு வேலையை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வருடத்துக்கு ஒரு முறை அவர் இந்த நாற்காலியில் உட்கார்ந்து மத்தியப் பிரதேசத்துக் காட்டுக்கு இடம் பிடிப்பார். காபி கொண்டுவந்து வைத்தால் "உஷ்" என்பார். திரையிலிருந்தே புலி ஓடிவிடும் என்று நினைப்பு.

ஒன்பது முறை போனார். ஒரு முறைகூடப் புலி தரிசனம் தரவில்லை.

அவளை ஒரு முறையும் கூட்டிப்போகவில்லை.

"நீ வாய மூடிக்கிட்டு நாலு மணி நேரம் உக்காருவியா?"

ஆறு வருடத்துக்கு முன் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியிருந்தது. டாக்டர் குறித்த நாளும் அவருடைய சஃபாரி நாளும் ஒன்றாகிவிட்டன.

"பெர்மிட்ட ரத்து பண்ண முடியாதும்மா," என்றார்.

ஆஸ்பத்திரியின் சம்மதப் படிவத்தை முன்கூட்டியே வாங்கி வந்து கையெழுத்துப் போட்டார். உப்பு ஜாடிக்கு அடியில் வைத்துவிட்டு ரயில் ஏறினார். மாடி வீட்டு ரெஜினாதான் அவளோடு இருந்தாள்.

நான்காம் நாள் வந்தார். கட்டில் ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். தையல் இழுத்தது. எப்படி இருக்கிறாய் என்று கேட்பார் என அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புலி கண்ணுலயே படல," என்றார்.

ஒரு மணி நேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு மணி நேரத்தை அவள் மறக்கவில்லை. மன்னிக்கிற மனசு சிலருக்கு உண்டு. அவளுக்கு இல்லை. அதற்காக அவள் வெட்கப்படவும் இல்லை.

கிளம்புவதற்கு முந்தைய நாள் அவருடைய சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். அதே உப்பு ஜாடிக்கு அடியில் வைத்தாள். துணைக்கு அவர் தம்பியை வரச் சொல்லியிருந்தாள்.

பிறகு அவர் எதிரே வந்து நின்றாள்.

"பதினொன்னாம் தேதி நான் சஃபாரிக்குப் போறேன். பெர்மிட்ட ரத்து பண்ண முடியாதுங்க."

ஆறு வருடம் வாய்க்குள்ளேயே வைத்திருந்த வாக்கியம். அவர் முகத்தையே பார்த்தாள்.

"அது முடியாதுதான்," என்றார். "எந்த வாசல்? கிழக்கா? நல்ல இடமாச்சே. பளிச்சுனு புடவை கட்டாத. என் பைனாகுலர எடுத்துக்க."

அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

ஆத்திரத்தில் நாக்பூர் வரை அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

பதினொன்றாம் தேதி காலை. நல்ல பனி. எங்கோ ஒரு மான் அலறியது. டிரைவர் எஞ்சினை அணைத்தார்.

புலி வந்தது.

ஜீப்பைச் சட்டை செய்யாமல் நடுப்பாதையில் நடந்து வந்தது. பின்னால் இரண்டு குட்டிகள். உட்கார்ந்தது. கொட்டாவி விட்டது. ஒரு குட்டி அதன் வாலைக் கவ்வி இழுத்தது.

அவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலு மணி நேரம் என்ன, நாள் முழுக்க இருந்திருப்பாள்.

பைனாகுலர் பைக்குள்ளேயே கிடந்தது. அவ்வளவு பக்கம்.

மதியம் மூன்று மணிக்கு, வாசலோரக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எதிரே, மறுநாளைக்குச் சீட்டுக் கொடுக்கும் கவுண்டரை அப்போதுதான் திறந்திருந்தார்கள்.

"முடிஞ்சுது," என்றார். மருந்து மயக்கம் தெளியாத குரல். அடுத்த மூச்சிலேயே, "புலி?"

இதற்காகத்தான் ஈரோட்டிலிருந்து இவ்வளவு தூரம் வந்தாள். கொட்டாவி, குட்டி, வால் என்று ஒன்று விடாமல் சொல்லி, அவர் வயிறு எரிவதைக் காதால் கேட்க வேண்டும்.

வாயைத் திறந்தாள்.

சொல்ல மனம் வரவில்லை. சொன்னால் அவருக்கும் பாதி போய்விடும். படுத்தபடியே கண்ணை மூடி அந்தக் குட்டிகளை அவர் பார்த்துவிடுவார். வால் நுனியைக்கூட அவருக்குக் கொடுக்க முடியாது.

"கண்ணுலயே படல," என்றாள்.

"அடடா," என்றார். குரலில் நிம்மதி. அதை மறைக்கக்கூட அவருக்குத் தெரியவில்லை.

பிறகு மெல்ல முனகினார்.

"ரொம்ப வலிக்குது வத்சலா. தம்பி வீட்டுக்குப் போயிட்டான். நீ எப்ப வர்ற?"

அன்று மாலையே ரயில். டிக்கெட் கைப்பையில் இருந்தது. மறுநாளைக்கு அவள் எதையும் பதிவு செய்திருக்கவில்லை.

"நாளைக்கும் ஒரு சஃபாரி இருக்குங்க."

மறுமுனையில் ஆஸ்பத்திரித் தள்ளுவண்டி ஒன்று உருண்டு போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"பெர்மிட்ட..." என்று ஆரம்பித்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

அவள் காத்திருந்தாள்.

"ரத்து பண்ண முடியாது," என்றார், ஒவ்வொரு வார்த்தையாக. "இல்ல?"

உறைத்துவிட்டது.

அவள் போனை வைத்தாள். மிச்ச டீயைக் குடித்தாள். ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

எத்தனை பேர் என்று கவுண்டர்காரர் இந்தியில் கேட்டார்.

ஒரு விரலைக் காட்டினாள்.