சைட் திரும்ப வராது

தாம்பரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரி. பதினோரு மணி வெயில் ஜன்னல் கம்பிகளுக்கிடையே நுழைந்து பக்தவச்சலத்தின் முகத்தில் நேராக அடிக்கிறது. அவர் கண்ணைச் சுருக்கக்கூட இல்லை. போன வாரம் கேளம்பாக்கத்தில் அடுக்குமாடிக்குப் பூச்சு வேலை செய்தபோது முகத்தில் கொட்டிய சுண்ணாம்பு, இரண்டு கருவிழிகளையும் வெளுக்க வைத்துவிட்டது. லேடி டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு மெல்லச் சொல்கிறார். "சாரிங்க. இனிமே சைட் திரும்ப வராது." பார்வையைத்தான் சொல்கிறார் என்பது பக்கத்தில் நிற்கும் மனைவி கன்னியம்மாவுக்கு டாக்டரின் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிடுகிறது. அந்த முகத்தைப் பார்க்க முடியாத பக்தவச்சலம், தான் வேலை செய்த கட்டடத்தைச் சொல்வதாக நினைத்துச் சிரிக்கிறார். "அந்த சைட்டு போனா போவுது டாக்டரம்மா. படூர்ல வேற சைட்டு கீது, மேஸ்திரி கூப்ட்டுகினே கீறாரு. எப்போ போலாம்?" வெளியே மின்சார ரயில் கடந்து போகிறது, மேசைமேல் போட்ட கண்ணாடி அதிர்ந்து அடங்குகிறது. டாக்டர் கன்னியம்மாவைப் பார்க்கிறார். கன்னியம்மா, சிமென்ட் அரித்து வெடித்த அவர் விரல்களை இறுகப் பிடித்துக்கொள்கிறாள். "அது இல்லய்யா..." அவர் சிரிப்பு மாறாமல் அவள் பக்கம் தலையைத் திருப்புகிறார். "பின்ன எந்த சைட்டு, கன்னிம்மா?"