அன்னை ஜெபித்த மூலை

“யாரு என்ன கேட்டாலும் ஒரே பதில்தான், வெளங்குதா? அந்த அக்கா ஜெபம் பண்ணுச்சு, ஏழை எளியவங்களுக்குச் சோறு போட்டுச்சு. வேற ஒண்ணும் நமக்குத் தெரியாது.”

அய்யாத்துரை மூன்றாவது தடவையாகச் சொன்னார். தைத்து முடித்த பள்ளிக்கூடப் பைகளைப் பரணில் ஏற்றிக்கொண்டே அவர் மனைவி பூமாரி தலையாட்டினாள்.

தாராவியில் இந்தப் பத்துக்குப் பன்னிரண்டு அறைதான் அவர்களுடைய பை தைக்கும் பட்டறை. ஐம்பது வருடத்துக்கு முன்னால் அய்யாத்துரையின் அப்பா இதைச் சலேத்தம்மாள் என்பவரிடமிருந்து வாங்கினார். அதே சலேத்தம்மாள் பிறகு பாளையங்கோட்டைக்குப் போய்க் கன்னியர் சபை ஒன்றைத் தொடங்கி, ‘அன்னை சலேத்தம்மாள்’ ஆகி, காலமாகியும்விட்டார். சபை வேர்விட்ட இடத்தைத் தரிசிக்க இன்று சிஸ்டர்கள் ரயிலேறி வந்திருக்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், அன்னை இந்த அறையில் சாராயம் விற்றார்.

அதுவும் சாதாரணச் சாராயம் இல்லை. கல்லி என்று சொல்லும் இந்தச் சந்திலேயே சுத்தமான சரக்கு சலேத்தக்கா வீட்டில்தான் கிடைக்கும் என்று அய்யாத்துரையின் அப்பா சாகும்வரை ஏக்கத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

“உள்ளதச் சொன்னா என்னங்க? பொறவு திருந்திட்டாங்கல்லா?” என்றாள் பூமாரி.

“சொல்லு, நல்லாச் சொல்லு. நம்ம இசக்கிசெல்விக்கு அவங்க நர்சிங் காலேஜ்லதான் சீட்டு கெடச்சிருக்கு. உங்க அன்னை சாராய யாவாரின்னு சொல்லிட்டு, பிள்ளைய எந்த மூஞ்சிய வச்சிட்டு அங்க அனுப்புவ?”

பூமாரி அடுத்த பையை எடுத்துப் பரணில் ஏற்றினாள்.

பத்து மணிக்கு மூன்று சிஸ்டர்கள் வந்தார்கள். முதலில் நுழைந்த மதர் ஜூலியானா, வாசலில் தாழ்வாக ஓடும் இரும்புச் சட்டத்தில் நெற்றியை இடித்துக்கொண்டார். பின்னால் வந்த இளம் சிஸ்டரும் இடித்துக்கொண்டார். கடைசியாகச் சோடாபுட்டிக் கண்ணாடியோடு கைத்தடி ஊன்றி வந்த சிஸ்டர் மிக்கேலம்மாள் மட்டும் குனிந்து, உடம்பை ஒருச்சாய்த்து, சுலபமாக உள்ளே வந்து ஒரு துணிக்கட்டின் மேல் உட்கார்ந்தார்.

“எங்க சபையிலேயே மூத்தவங்க. எண்பது வயசு, கண்ணும் சரியாத் தெரியல. ஆனா வந்தே தீருவேன்னு ஒரே அடம்” என்றார் மதர். “சொல்லுங்க சார், அன்னையப் பத்தி உங்க அப்பா என்ன சொல்லுவார்?”

அய்யாத்துரை தொண்டையைச் செருமினார்.

“சாயங்காலம் ஆனா இந்த வாசல்ல ஒரே கூட்டமாம் மதர். வேல விட்டு வாறவன் எல்லாம் வீட்டுக்குக்கூடப் போவாம நேரா இங்கதான் வருவானாம்.”

“ஜெபத்துக்கா?”

“ஆமா. ஜெபத்துக்குத்தான். திரும்பிப் போவும்போது ஒரு கவலையும் இருக்காதாம்.”

இளம் சிஸ்டர் குறிப்பெடுத்துக்கொண்டார். தலையாட்டிக்கொண்டிருந்த பூமாரிக்கும் உற்சாகம் வந்துவிட்டது.

“சில பேரு அழுவாங்களாம், சில பேரு பாடுவாங்களாம். சில பேரு விடியுற வரைக்கும் இங்கனயே விழுந்து கெடப்பாங்களாம்.”

“பரிசுத்த ஆவி இறங்கியிருக்கு” என்று மதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மிக்கேலம்மாளுக்கு இருமல் வந்தது. முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க இருமினார்.

அய்யாத்துரைக்கே கூச்சமாகிவிட்டது. ஒரு நிஜத்தையாவது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஒரு மழைக்காலத்தில் மூட்டை தூக்குகிறவன் ஒருவன் இந்த வாசலிலேயே செத்துப்போனதையும், அவன் பெண்டாட்டியையும் மூன்று பிள்ளைகளையும் சலேத்தக்கா இதே அறையில் வைத்து வருடக்கணக்கில் சோறு போட்டதையும் சொன்னார். எதைக் குடித்துச் செத்தான் என்பதை மட்டும் விழுங்கிவிட்டார்.

மிக்கேலம்மாளின் இருமல் சட்டென்று நின்றது.

மதர் தன் பையிலிருந்து ஒரு வெள்ளிச் சிமிழை எடுத்தார்.

“அன்னை முழங்கால் போட்டு ஜெபிச்ச இடத்துல ஒரு பிடி மண் வேணும் சார். புதுசாக் கட்டுற எங்க சேப்பல்ல பீடத்துக்கு அடியில வைக்கப் போறோம். மெட்ராஸ்லேருந்துகூட பிஷப் வர்றாங்க.”

இதை அய்யாத்துரை எதிர்பார்க்கவில்லை. கண்ணில் பட்ட மூலையைக் கைகாட்டினார்.

“அந்தா, தையல் மிஷினுக்குக் கீழ.”

மிஷினை நகர்த்தினார்கள். பூமாரி கடப்பாரையைக் கொண்டுவந்தாள். அய்யாத்துரை தரையில் ஓங்கி ஒரு போடு போட்டார். சிமெண்ட் பெயர்ந்தது. இரண்டாவது போட்டில் ‘ணங்’ என்று சத்தம் கேட்டது.

“நிறுத்துங்க!”

மிக்கேலம்மாள் எழுந்து நின்றிருந்தார். கைத்தடியை வாசல் பக்கம் நீட்டினார்.

“அங்க இல்ல. அன்னை ஜெபம் பண்ணுனது இங்க, வாசல் பக்கம். இங்க தோண்டுங்க.”

மதருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. “கண்ணே தெரியாதவங்களுக்கு அன்னை இடத்தக் காட்டிக் குடுக்குறாங்க பாருங்க!” என்று சிலுவை போட்டுக்கொண்டார்.

வாசல் பக்கம் தோண்டி மண் எடுத்தார்கள். சிமிழை நடுவில் வைத்து, முழங்கால் போட்டுப் பாடினார்கள். எந்தச் சாமியாக இருந்தால் என்ன என்று பூமாரியும் விழுந்து கும்பிட்டாள். கிளம்பும்போது மதர், “உங்க மகளப் பத்திக் கவலையே படாதீங்க. இனிமே அவ எங்க வீட்டுப் பொண்ணு” என்றார். அய்யாத்துரைக்கு அப்போதுதான் மூச்சு சீராக வந்தது.

மற்ற இருவரும் கல்லிக்குள் இறங்கி நடந்தார்கள். மிக்கேலம்மாளைக் கைத்தாங்கலாக வாசல்வரை அழைத்து வந்தார் அய்யாத்துரை. அந்த அம்மாள் நின்று, அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, காதருகே வாயைக் கொண்டுபோனார்.

“அந்த மூலையில சரக்கு ட்ரம்மு பொதச்சிருக்கு தம்பி. அந்தக் காலத்துல போலீஸ் ஹவல்தார் வந்தா, அதுக்கு மேல உக்காந்து ஜெபமால சொல்றது நான்தான்.”