பத்திரிகையில் இருக்கும் பல்

“பல்லக் கொஞ்சம்தாங்க ராவுவோம். நகம் வெட்டற மாதிரின்னு வெச்சுக்குங்க.”

“வலிக்குங்களா?”

கேட்டது அவளல்ல. அவளுக்கு மாமியாராகப் போகிற அத்தை.

“மரத்துப்போக ஊசி போட்டுருவோங்க,” என்றார் டாக்டர்.

அவள் சாய்வு நாற்காலியில் மல்லாந்திருந்தாள். இருவரும் அவளுடைய வாய்க்கு மேலே, கிணற்றுச் சுவரில் சாய்ந்து பேசுகிறவர்களைப் போலப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வாய் திறந்தே இருந்தது. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே பஞ்சு. எச்சில் உறிஞ்சும் குழாய் உதட்டோரம் தொங்கி, இளநீரின் கடைசி மடக்கை இழுப்பது போலச் சத்தம் போட்டது.

அந்தச் சத்தத்தை அவர்கள் கேட்கிறார்கள் என்பது அவளுக்குக் கூசியது.

தட்டில் இரண்டு மாதிரிகள்.

ஒன்று, வெனீர். பல்லைத் தேய்த்துவிட்டு மேலே ஒட்டும் பீங்கான் ஓடு. தோல் உரித்த பூசணி விதைகளாக ஆறு கிடந்தன.

இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாத கிளிப். பல்வரிசை மேல் மாட்டிக்கொள்ளும் கண்ணாடி போன்ற உறை. பாம்பு கழற்றிப் போட்ட சட்டை மாதிரி இருந்தது. அதன் ஓரத்தில் யாருடைய லிப்ஸ்டிக்கோ ஒட்டியிருந்தது.

அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் அவளுக்கு அதுதான் வேண்டும். வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். உள்ளே இருப்பது அவளுடைய பல்லாகவே இருக்கும். மெல்ல மெல்ல நகர்ந்து வரிசைக்கு வரும்.

அதற்குப் பதினான்கு மாதம் ஆகும்.

கல்யாணத்துக்கு இன்னும் முப்பத்தெட்டு நாள்.

நிச்சயத்தன்று எடுத்த படத்தை ஸ்டுடியோக்காரர் திருத்திவிட்டார். இடப்பக்கம் ஏறி நிற்கும் தெத்துப்பல்லை இழுத்து வரிசையில் வைத்துவிட்டார். யாரும் சொல்லாமல் அவராகவே செய்துவிட்டார் என்றுதான் தரணீஷ் சொன்னான். அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். அந்தப் படம் கல்யாணப் பத்திரிகையில் ஏறி எண்ணூறு வீட்டுக்குப் போய்விட்டது.

வேறு படம் போட்டு மறுபடி அச்சடிக்கலாமே என்று அவள் கேட்டுப் பார்த்தாள்.

“மஞ்சள் தடவிக் குடுத்த பத்திரிகையத் திருப்பி வாங்கறது ஆகாது கண்ணு,” என்றார் அத்தை.

ஆகவே பல்லைத் திருத்த வேண்டும்.

டாக்டர் சுவரிலிருந்த டிவியில் ஒரு வீடியோ போட்டார்.

யாரோ ஒருத்தியின் வாய். முகம் இல்லை. உதடுகளை இரு பக்கமும் கொக்கி இழுத்துப் பிடித்திருக்க, ஈறு பச்சைக் கறியாகப் பளபளத்தது. சுழலும் ஊசி இறங்கியது. தண்ணீர் தெறித்தது. வெள்ளைச் சேறு வழிந்தது. முடிவில் மிஞ்சியவற்றைப் பற்கள் என்று சொல்ல முடியாது. ஒல்லியாக, மஞ்சளாக, ஒன்றையொன்று தொடாமல் நின்றன ஆறு முளைகள்.



அவள் பஞ்சை நாக்கால் ஒதுக்கினாள். “மறுபடி வளருங்களா?”

“வளராதுங்க. பத்து வருசத்துக்கு ஒருக்கா மேல ஒட்டற ஓட்ட மட்டும் மாத்திக்கணும்.”

“எனக்கு அந்தக் கழட்டற கிளிப்பே போதுங்க.”

“அதப் போட்டுட்டு மணவறைல உக்காருவியா சாமி?” அத்தை சிரித்தார். “பாலும் பழமும் குடுக்கறப்ப கழட்டிக் கையில வெச்சுக்குவியாக்கும்?”

டாக்டரும் சிரித்தார்.

அத்தை பைக்குள்ளிருந்து பத்திரிகையை எடுத்தார். அதை அவளுடைய கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தார்.

டாக்டர் நிறம் பார்க்கும் பட்டையைக் கொண்டுவந்தார். சாவிக்கொத்து போலக் கம்பி நுனிகளில் பதினாறு பொய்ப்பற்கள். எத்தனை வாய்களுக்குப் போய் வந்தவையோ. ஒவ்வொன்றாக அவள் உதட்டில் வைத்தார். பத்திரிகையைப் பார்த்தார். எடுத்தார்.

மேலுதட்டைத் தூக்கிப் பிடித்திருந்தது அத்தையின் விரல். அதில் வெங்காயச் சட்னி வாசம்.

“ஏனுங்க, படத்துல இந்தப் பல்லு கொஞ்சம் அகலங்களா? மங்கலாத் தெரியுது,” என்றார் டாக்டர்.

“ஒரு நிமிசங்க டாக்டர். எங்கிட்ட தெளிவா இருக்குது.”

தரணீஷ் எழுந்து வந்தான். அதுவரை அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் சமர்த்தாக உட்கார்ந்திருந்தான்.

போனை நீட்டினான். கட்டைவிரலால் தள்ளினான்.

அவள் முகம். அகலமான பல்லோடு.

தள்ளினான். அவள் முகம். சின்னப் பல்லோடு.

தள்ளினான்.

“ஸ்டுடியோல நாலு மாதிரி போட்டுக் காட்டச் சொல்லியிருந்தேங்க. இந்த நாலாவதுதான் சரியா உக்காந்துச்சு.”

சாதாரணமாகச் சொன்னான். அவளிடம் வேறு மாதிரி சொல்லியிருந்ததே அவனுக்கு நினைவில்லை.

டாக்டர் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அத்தை எட்டிப் பார்த்தார். யாரும் நாற்காலியைப் பார்க்கவில்லை.

வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. விழுங்க முடியவில்லை. கீழேயிருந்து பார்க்கும்போது அவனுடைய மூக்குத் துவாரங்கள் மட்டும் தெரிந்தன. தாடைச் சதை மெல்ல அசைந்தது. அந்தக் கட்டைவிரல் முப்பத்தொன்பதாம் நாள் தன் மேல் படும் என்று நினைத்தாள். தோள்கள் தாமாகச் சுருங்கின.

“சரி, மருந்து எடுத்துட்டு வந்தர்றேங்க.” டாக்டர் உள்ளே போனார். அத்தை பத்திரிகையை மடிப்புக் கலையாமல் பைக்குள் வைப்பதில் முனைந்தார்.

அவள் குழாயைப் பிடுங்கினாள்.

பஞ்சை வெளியே எடுத்தாள். நூல் நூலாக எச்சில் இழுத்தது. அதைப் பூசணி விதைகளின் மேலேயே போட்டாள். ஒரு காலைக் கீழே இறக்கிச் செருப்பைத் தேடினாள்.

அவன் குனிந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“உனக்கு அந்தத் தெத்துப்பல்லுதான் அழகே, தெரியுமா மிரு?”

போனை அவள் வாய்க்கு நேராகப் பிடித்தான்.

“இனி இருக்காதில்ல. கடைசியா ஒருக்கா சிரியேன். எடுத்து வெச்சுக்கறேன்.”