காணாமல் போன நாலு வரி

“அந்தப் பொம்பளை வேணும்னே பிடுங்கிட்டுப் போயிருக்கா!” என்று மேஜையைத் தட்டினார் மேனேஜர் ஐயாதுரை.

பால்ச்சாமிக்கும் அதே எரிச்சல்தான். ராஜபாளையத்து நூல் மில்லில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்து மூணே மாசம். தொண்ணூத்தொம்பது டிசம்பர். ரெண்டாயிரம் பிறந்தால் பழைய கம்ப்யூட்டருக்குத் தேதி குழம்பிவிடும் என்று புதுசு வாங்கியாச்சு. ஆட்களின் வருகையைப் பதியும் புரோகிராமை அதில் ஏற்ற வேண்டும். திங்கட்கிழமை ஓடாவிட்டால் அவனுக்குச் சீட்டுக் கிழியும்.

பல புரோகிராம்கள் பொதுவாக எடுத்துப் புழங்குவதற்கு ஒரே மூட்டையாய்க் கட்டி வைப்பதுதான் லைப்ரரி. மூட்டை என்னவோ சத்தமில்லாமல் கட்டிக்கொண்டது. அதைப் புரோகிராமோடு இணைக்கும்போதுதான் குய்யோ முறையோ என்று எர்ரர். ‘நேரம்_சரி’ என்று ஒன்றைக் கூப்பிடுகிறாய், அப்படி ஒன்று இல்லையே என்று ஒரே பல்லவி.

ஃபைல் இருக்கும் பாதையைச் சரிபார்த்தான். லைப்ரரிகளின் வரிசையை மாற்றிப் போட்டான். ம்ஹும். பழைய லைப்ரரியைக் குடைந்தான். அட, அதில் நேரம்_சரி இருக்கிறது! ஆனால் பழைய மூட்டை புதுக் கம்ப்யூட்டரில் செல்லாது; புதுசாய்க் கட்ட, அதை எழுதிய மூல ஃபைலைத்தான் காணோம். எழுதியவள் ரெண்டு வருஷம் முன்னால் வேலையை விட்டுப் போன பரிபூரணம்.

“என்னலே, மூஞ்சியை உம்முன்னு வெச்சிருக்கே?” சாயங்காலம் வீட்டில் அம்மா கேட்டாள்.

அம்மா மாடத்தியும் அதே மில்தான். நூலைக் கோனில் சுற்றுகிற வேலை. மம்சாபுரத்திலிருந்து எட்டு மணி ஷிப்டுக்குப் பஸ்ஸில் போகிறவள்.

“ஒரு கள்ளி என் வேலைக்கு உலை வெச்சிருவா போலிருக்கும்மா.”

“வேலைன்னா என்னைய மாதிரி பாக்கணும்லே. அந்தப் பஸ்ஸு என்னைக்கு நேரத்துக்கு வந்துச்சு? ஆனா, கார்டு தேய்க்கிற மிஷினு வந்து நாலு வருசமாச்சு. லேட் லிஸ்டுல ஒரு நாளாவது எம் பேரு வந்திருக்கா? பஸ்ஸ விட்டு எறங்குனா ஒரே ஓட்டம்!”

லிஸ்டில் மூணு தடவை பேர் வந்தால் வேலை போச்சு. மில்லில் எல்லாருக்கும் அது தெரியும்.

பால்ச்சாமி விடுவதாக இல்லை. சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினான். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கம்ப்யூட்டர் கிளாஸில் பரிபூரணம் பாடம் எடுப்பதாகக் கேள்வி.

“மேடம், நேரம்_சரி எங்கே?” வாசலிலேயே ஆரம்பித்தான்.

பரிபூரணம் அசரவில்லை. “மில்லுல இருந்தா? அதைக் கூப்பிடுற வரியை அழிச்சிருங்க தம்பி. எர்ரர் போயிரும்.”

“தெரியும். என்ன செய்யுதுன்னு தெரியாம ஒரு வரியை அழிக்க மாட்டேன். வாங்காமப் போகவும் மாட்டேன்.”

“அம்புட்டுப் பிடிவாதமா?” அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “எந்த ஊரு?”

“மம்சாபுரம்.”

டிராயரைத் திறந்து ஒரு ஃபிளாப்பியை எடுத்து நீட்டினாள். “படிங்க. பொறவு சேர்க்கிறதும் அழிக்கிறதும் உங்க பாடு.”

“இதை எதுக்கு மேடம் மறைச்சு வெச்சீங்க?”

“படிச்சா தெரியும்.”

திரும்பி வந்ததும் வராததுமாக மில்லில் உட்கார்ந்து ஃபிளாப்பியைத் திறந்தான். நாலே வரி. மேலே ஒரு குறிப்பு. மூணு தடவை படித்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டான். அப்புறம் அந்த ஃபைலையும் லைப்ரரியில் சேர்த்துக் கட்டி, புரோகிராமோடு இணைத்தான்.

ஒரு முனகல் இல்லை. ஓடியது!

“என்னத்தப்பா ஒளிச்சு வெச்சிருந்தா அந்தக் கள்ளி?” என்று வந்து நின்றார் ஐயாதுரை.

“அவிய ஒண்ணும் ஒளிக்கலை சார். நான்தான் ஒரு ஃபைலைச் சேர்க்காம விட்டுட்டேன்.”

“அடப்பாவி! பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு, அந்தப் பிள்ளையைப் போய் வாய்க்கு வந்தபடி திட்டிட்டேனே!”

“நானுந்தான் சார்.”

திங்கட்கிழமை காலை. மம்சாபுரம் பஸ் வழக்கம்போல லேட். மூச்சிரைக்க ஓடி வந்து மாடத்தி கார்டைத் தேய்த்தபோது கேட் கடிகாரத்தில் எட்டு பத்து. ஓடுகிற ஓட்டத்தில் அதைப் பார்க்க அவளுக்கு ஏது நேரம்?

மத்தியானம் லிஸ்ட் ஒட்டினார்கள். அவள் பேர் இல்லை.

“பாத்தியாலே என் ஓட்டத்தை!” அன்று சாயங்காலம் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. “இதுல ஒரு ஆளு என்னை மிஞ்ச முடியுமா?”

“முடியாதும்மா” என்றான் பால்ச்சாமி.

அந்த நாலு வரியில் இருந்தது இவ்வளவுதான்: ஊர் மம்சாபுரம் என்றால், வந்த நேரத்தில் பதினைந்து நிமிஷத்தைக் கழி.

மேலே இருந்த குறிப்பு: ‘பஸ்ஸு லேட்டானா இந்தப் பொம்பளைக என்ன செய்வாக?’