மோதிர முத்தும் வழுக்கும் லென்ஸும்

“படம் எடுக்கத் தெரியாட்டா கடையைப் பூட்டிட்டுப் போவும்வே!”

வீரபாகு அண்ணாச்சி போட்ட சத்தம் தூத்துக்குடி கடற்கரை வரை கேட்டிருக்கும்.

ஸ்டூடியோக்காரர் பர்னபாஸ் தலையைச் சொறிந்தார். படம் பதியும் கண்ணாடி பிளேட் இரண்டு பாழ். உலக யுத்த காலத்தில் பிளேட் கிடைப்பதே குதிரைக்கொம்பு. கையிருப்பு இனி ஒன்றே ஒன்று.

எடுக்க வேண்டியது ஆளை அல்ல, மோதிரத்தை. நிச்சயதார்த்தத்தில் ஏரல் ஊர்ப் பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குப் போட்ட முத்து மோதிரம். அது அசல்தானா என்று மாப்பிள்ளையின் அம்மா, அதாவது அண்ணாச்சி சம்சாரம் சந்தனமாரிக்குச் சந்தேகம். உள்ளூரில் காட்டினால் ஊர் சிரிக்கும். தபாலில் அனுப்பினால் தொலையும். அதனால் முத்தைப் பெரிசாகப் படமெடுத்து, கொழும்பில் முத்து தரம் பிரிக்கும் தம்பிக்கு அனுப்பத் தீர்மானித்திருந்தாள்.

“போலின்னு மட்டும் தம்பி எழுதட்டும், அன்னைக்கே கல்யாணத்தை நிறுத்திருதேன்.”

மேசைமேல் மோதிரம். அதற்கு மேலே ஸ்டாண்டில் குப்புறக் கவிழ்ந்த பழைய கேமரா. துருத்தியை நீட்டி, முத்து துல்லியமாகத் தெரிந்ததும், லென்ஸ் நகராமலிருக்கப் பர்னபாஸ் திருகை முடுக்குவார். பிளேட்டைச் சொருகுவதற்குள் லென்ஸ் தன் கனத்தில் நூலளவு கீழே இறங்கிவிடும். கழுவிப் பார்த்தால் முத்து இருந்த இடத்தில் ஒரு இட்லி.

“முன்னெல்லாம் இப்படி வழுக்காது, மதினி.”

“எல்லாம் ஆட்டத்துலதான் வழுக்குது. இந்தத் தடவையாவது ஸ்டாண்டை ஒழுங்காப் பிடிங்க” என்று புருஷனை அதட்டினாள்.

அண்ணாச்சி பயபக்தியோடு ஸ்டாண்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். பர்னபாஸ் மாதாவை வேண்டிக்கொண்டு கடைசி பிளேட்டைச் சொருகினார்.

இந்த முறை இட்லி இன்னும் நன்றாக உப்பியிருந்தது.

“தை பிறந்தா கல்யாணம், அதுக்குப் பத்து நாள்தான் இருக்கு. போவட்டும், அசல்னே வச்சிக்கிடுதேன்” என்று எழுந்தாள் சந்தனமாரி. “ஆனா இந்தக் கடை வாசலை இனி ஒரு பய மிதிக்க மாட்டான், பார்த்துக்கிடும்.”

அவள் போய் வண்டியில் ஏறிக்கொண்டாள். பர்னபாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. பதினெட்டு வருஷத் தொழில்.

அண்ணாச்சி வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“வருத்தப்படாதியும். உம்ம பெட்டியில கோளாறு ஒண்ணுமில்ல. ஸ்டாண்டைப் பிடிக்கிற சாக்குல மூணு தடவையும் திருகை நெகிழ்த்தினது நான்தான். கல்யாணப் படம் பூரா உமக்குத்தான்.”

பர்னபாஸ் வாயைப் பிளந்தார். “அப்ப முத்து போலியா? ஏரல்காரரு உங்களை இப்படி ஏமாத்திட்டாரே, அண்ணாச்சி!”

“அங்கன என்ன பேச்சு?” என்று வண்டியிலிருந்து குரல் வந்தது.

“பிளேட்டை எல்லாம் பாழாக்கிட்டு நிக்காரு, ஏசாம என்ன செய்ய?” என்று உரக்கக் கத்திய அண்ணாச்சி, பர்னபாஸின் காதருகே குனிந்தார்.

“அவரு எங்கவே ஏமாத்தினாரு? மூணு பொண்ணைப் பெத்த மனுசன், முத்துக்காக வீட்டை விக்கப் போனாரு. கண்ணாடி முத்தே போதும்னு தடுத்து, அந்த மோதிரத்தைச் செஞ்சு அவரு கையில குடுத்ததே நான்தான்வே.”