நோம்பிக்குத் தைத்த பேண்ட்

ஏற்காட்டுத் தையல்கடை போர்டில் 'ஷார்ட்டன்' என்று எழுதியிருந்ததைப் பார்த்து அம்மணி கேட்டாள். "ஷார்ட்டன்னா என்னங்க?"

"நீளத்தக் குறைக்கறதுங்கக்கா. பேண்ட்டு, சுடிதார் கை எல்லாத்துக்கும் சொல்லலாம். ஆளுக்குத்தான் சொல்ல முடியாது" என்று சிரித்தார் டெய்லர் வேலுசாமி.

அவள் மகனின் பேண்ட்டை நீட்டினாள். "தீவாளி நோம்பிக்கு நீங்க தெச்சதுதான். முழங்கால் வரைக்கும் ஷார்ட்டன் பண்ணிருங்க. திங்கக்கிழமை காலேஜ் போறான்."

"ஏனுங்க, ஊருப் பசங்கெல்லாம் வளர்றாங்க, உங்க பையன் மட்டும் சுருங்கறானா? டவுசரோடயா காலேஜுக்கு?"

"இடது காலு மட்டுந்தானுங்க."

வேலுசாமியின் சிரிப்பு நின்றது.

"மொளகு பறிக்கையில ஏணி சறுக்கிருச்சு. கால எடுத்துட்டாங்க. ஏணியப் புடிச்சிருந்தவ நாந்தான். போன் வந்துச்சுன்னு கைய விட்டேன்."

அவர் கத்தரியைக் கீழே வைத்தார்.

"வெட்ட வேண்டாங்க. உள்ள மடிச்சுத் தெச்சுடறேன். செயற்கைக் கால் வெச்சா பிரிச்சு விட்டுக்கலாம்."